செம்மண் சடக்கும் மோரிஸ் மைனரும்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் தார் போடாத சடக்குகள் இன்னும் உண்டு. ரப்பர் மரங்களுக்கும் செம்பனைகளுக்கும் நடுவே சிவப்பாக ஓடும் அந்த மண்ணுக்கு நிறம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இரும்பு ஆக்சைடு. பழைய காரின் கதவடியில் பூக்கும் துருவும் அதே குடும்பம்தான். துருவின் மேலேயே ஓட்டிக்கொண்டு துருவுக்குப் பயப்படுகிறோம்!

1950, 60களில் தோட்டத்துக் கிராணி, டிரஸர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் போன்றோர் வாங்கிய சிறிய பிரிட்டிஷ் கார்களில் மோரிஸ் மைனர் பேர்போனது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. பிறகு 'மினி' காரை உருவாக்கியவரும் அவரே. மாதிரி வண்டி ஒல்லியாகத் தெரிகிறது என்று கடைசி நேரத்தில் அதை நெடுக்காக இரண்டாக அறுத்து, 4 அங்குலம் அகலமாக்கச் சொன்னார். பானட்டின் நடுவே முன்னிருந்து பின்வரை ஓடும் தட்டையான பட்டை அதனால் வந்ததுதான். அடுத்த முறை ஒரு மைனரைப் பார்த்தால் தேடிப் பாருங்கள்.

இப்போது இந்தக் கார்களைப் புதுப்பிப்பவர்களுக்கு இரண்டு தலைவலிகள். பூசிய சாயம் சில்லுச் சில்லாய்ப் பெயர்கிறது. மாட்டிய தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கேட்பதற்கு இரண்டு, உண்மையில் ஒன்றுக்கொன்று சொந்தம்.

முதலில் கல். 2 கிராம் எடையுள்ள சரளைக்கல் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் காரில் மோதினால், அதன் இயக்க ஆற்றல் சுமார் 0.6 ஜூல். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை 6 சென்டிமீட்டர் தூக்கும் ஆற்றல், அவ்வளவுதான். ஆனால் அது முழுவதும் கல்லின் ஒரு கூர்முனையில், கண் இமைப்பதற்கும் முன்பே இறங்கிவிடுகிறது. தகடு சற்றே வளைந்து கொடுக்கும். வெயிலில் பல ஆண்டு காய்ந்து விறைத்த சாயத்தால் அப்படி வளைய முடியாது. விரிசல் விட்டுப் பெயரும். வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் கால் பங்காகக் குறையும். தோட்டச் சடக்கில் மெதுவாகப் போவது காரின் சாயத்துக்கும் நல்லது.

கல் படாமலேயே சாயம் பெயரும் இடம் ஒன்று உண்டு: தகட்டின் விளிம்பு. ஈரச் சாயம் பரப்பு இழுவிசையால் கூர்மையான விளிம்பைவிட்டு உள்ளே ஒதுங்கிவிடும். சமதளத்தில் 100 மைக்ரோனுக்கு மேல் இருக்கும் பூச்சு, விளிம்பில் மிக மெலிந்து போகும். அதனால்தான் நல்ல பட்டறைக்காரர் சாயத்துக்கு முன்பே விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து லேசாக உருட்டிவிடுவார். பார்த்தால் தெரியாத வேலை. எனக்குப் பிடித்த வேலையும் அதுதான்.

அந்த மெலிந்த விளிம்புகள் இரண்டு, கதவை மூடும்போது உரசினால்? அங்கேதான் தகடுகளின் இடைவெளி முக்கியமாகிறது. பழைய கார்களில் கதவைச் சுற்றி 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பார்கள். வெயிலும் அதைத் தின்னும். உருக்கு ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் 0.012 மில்லிமீட்டர் விரியும். நிழலில் 25 பாகையில் இருந்த ஒரு மீட்டர் நீளக் கதவுத் தகடு வெயிலில் 65 பாகைக்குச் சூடானால் அரை மில்லிமீட்டர் வளரும். சாயமும் கணக்கில் சேரும்: இரு பக்கமும் 0.15 மில்லிமீட்டர் என்றால் 0.3 போய்விடும்.

ஆகவே வரிசை முக்கியம். சாயம் பூசிவிட்டுப் பொருத்திப் பார்ப்பது அல்ல. பொருத்திப் பார்த்துவிட்டுக் கழற்றிச் சாயம் பூசுவது. கார் தன் நான்கு சக்கரங்களிலும் சமதரையில் நிற்க வேண்டும். ஒரு மூலையில் ஜாக்கி கொடுத்தால் உடலே முறுக்கிக்கொள்ளும். கதவுச் சட்டத்தில் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே அளந்து, அந்த நீளத்தைக் காரின் மறுபக்கக் கதவுச் சட்டத்தோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசம் இருந்தால் உடல் கோணியிருக்கிறது. பிறகு நகராத பின்பகுதியிலிருந்து முன்னோக்கி வருவார்கள்: கதவு, முன் மட்கார்ட், கடைசியாக பானட். போல்ட்டைவிட அதன் துளை பெரிதாக இருப்பது இந்த நகர்த்தலுக்குத்தான். 4 மில்லிமீட்டர் துளைப்பான் அலகின் தண்டை இடைவெளியில் ஓட்டிப் பார்த்தால் போதும், எங்கே இறுகுகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

சாயம் பூசிய பின் மறுபடி மாட்டும்போதுதான் பல மாத உழைப்பு நொடியில் பாழாகும். விளிம்புகளில் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுநாடா, கீழே துணி, கதவைப் பிடிக்க இரண்டு பேர். எல்லா போல்ட்டையும் தளர்வாக மாட்டி, நகர்த்தி, பிறகே இறுக்க வேண்டும். மைனரின் பின் மட்கார்டுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய பட்டை வைப்பார்கள். சாயமும் சாயமும் தேய்ந்துகொள்ளாமல் அது தடுக்கும். சக்கரத்துக்குப் பின்னே தொங்கும் ரப்பர் மண்தடுப்பும் அதே தத்துவம்தான்: கல்லின் ஆற்றலை வாங்கி, வளைந்து, வெப்பமாக விட்டுவிடும்.

ஒரு சிறு சில்லுக்கு இவ்வளவு கவலையா? மைனருக்குத் தனி அடிச்சட்டம் முழுமையாகக் கிடையாது. உடல் தகடுகளே பெரும் பாரத்தைத் தாங்குகின்றன. நம் நாட்டு ஈரக்காற்றில், அதுவும் போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கம் உப்போடு சேர்ந்து, சில்லு விழுந்த இடத்தில் இரும்பு துருவாகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் சுற்றியுள்ள நல்ல சாயத்தையும் அடியிலிருந்து நெம்பித் தூக்கும். கதவுக்குக் கீழே உள்ள பெட்டிபோன்ற பகுதி இப்படி உள்ளுக்குள் அரித்துப்போனால், மோதலில் அந்தக் கார் ஆளைக் காப்பாற்றாது.

தாத்தாவின் கார் வீட்டில் இருந்தால் சில்லுகளை நீங்களே தேடிப் பார்க்கலாம். ஆனால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். பழைய சாயங்களில் ஈயம் இருக்கக்கூடும். தண்ணீர் விட்டு, முகக்கவசத்தோடு, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது துரு போகும்வரை தேய்த்து, நன்றாக உலரவிட்டு, பிரைமரைத் தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு வைத்தால் போதும். இரண்டு கலவையாக வரும் தெளிப்புச் சாயம் நுரையீரலைப் பதம் பார்க்கும். அது பட்டறைக்காரரின் வேலை.