அப்பாவின் நோட்டும் என் ரசீதும்

1991இல் மதுரைக்கு வெளியே அப்பா வீடு கட்டியபோது கணக்கெழுதிய நாற்பது பக்க நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைக் கூலிப் பக்கங்கள் மட்டும் மற்றவற்றைவிட அழுக்கேறியிருக்கும். கொத்தனார் 60, பெரியாள் 40, சித்தாள் 25. பெயர்கள் கிடையாது, ‘சித்தாள் 6’ என்று தலைக்கணக்குதான். 2023இல் அதே வீட்டின்மேல் நான் மாடி எடுத்தேன். கணக்கு செல்போனில். கொத்தனார் 1,200, சித்தாள் 700. அன்று சித்தாளின் கூலி கொத்தனார் கூலியில் பாதிக்கும் கீழே, இன்று பாதிக்கு மேலே. நல்லதுதான். ஆனால் அப்பாவின் நோட்டில் ஆறு சித்தாள்கள் நின்ற இடத்தில் என் கணக்கில் ஒருவர்தான் இருந்தார்.

மற்ற ஐவர் எங்கே போனார்கள் என்பது தளம் போட்ட அன்று தெரிந்தது. 1991இல் தளம் போடுவது ஒரு சின்னத் திருவிழா. விடியும் முன்பே முப்பத்தைந்து பேர் வந்துவிட்டார்கள். சாரத்தில் படிக்கொருவராக நின்று பாண்டைக் கைமாற்ற, தலையில் சும்மாடோடு பெண்கள் கீழிருந்து கலவை சுமந்தார்கள். வேப்பமரக் கிளையில் சேலைத் தூளி. அதில் யாருடைய குழந்தையோ. மதியம் அம்மா எல்லோருக்கும் சாம்பார் சாதம் போட்டாள். பொழுது சாயும்போது மேஸ்திரிக்கு வேட்டி, துண்டு. 2023இல் ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்றது, குழாய் மாடிக்கு ஏறியது, இரண்டு மணி நேரத்தில் தளம் முடிந்தது. வந்தவர்கள் ஒன்பது பேர், எல்லோரும் ஆண்கள், ஏழு பேர் ஒடிசாக்காரர்கள். சித்தாள் தலையில் ஏறியது குழாய்க்குள் போய்விட்டது. கழுத்துவலி போனது, அதோடு கூலியும் போனது.

நோட்டில் இன்னொரு வரி உண்டு: ‘வைத்தியச் செலவு 150.’ ஒரு பெரியாள் சாரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். அவரைப் பற்றி அந்த நோட்டில் அதற்குமேல் எதுவும் இல்லை. அப்பா கல்நெஞ்சர் அல்லர். 150 ரூபாய்க்குமேல் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சட்டமும் தெளிவாகச் சொல்லவில்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 1982இலேயே வந்துவிட்டது. அதன்கீழ் கட்டுமானத் தொழிலாளர்களுக்கென நலவாரியம் அமைந்தது 1994இல். நாங்கள் பால் காய்ச்சிக் குடிபுகுந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

சிக்கல் எளிமையானது. வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. எல்லாம் நிலையான ஒரு முதலாளியை வைத்து ஓடுபவை. கொத்தனாருக்கு யார் முதலாளி? இந்த வாரம் எங்கள் அப்பா, அடுத்த வாரம் பக்கத்துத் தெருக்காரர், நடுவே கூலியைக் கையில் கொடுக்கும் மேஸ்திரி. கட்டுநர்கள் 1941லேயே அகில இந்திய அளவில் சங்கம் கண்டுவிட்டார்கள். கட்டுகிற கைகளுக்காக ஒரு தேசியப் பிரச்சாரக் குழு அமைய 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதன் தலைவர். தமிழ்நாட்டுச் சங்கங்களுக்கு அதில் பெரிய பங்கு. அவர்கள் கோஷம் போட்டதோடு நிற்கவில்லை, சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே வரைவு எழுதி நாடாளுமன்ற மனுக்குழுவிடம் கொடுத்தார்கள். முதலாளியைத் தேடி அலைய வேண்டாம், கட்டடத்திடமே வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம். கட்டுமானச் செலவில் ஒரு சிறு பங்கு நிதிக்குப் போகும், தொழிலாளி எந்த வாசலில் வேலை பார்த்தாலும் அந்த நிதி அவர் கூடவே வரும். 1996இல் இரண்டு மத்தியச் சட்டங்களாக அது வந்தது. வரிவீதம் 1 முதல் 2 விழுக்காடு வரை, நடைமுறையில் 1. பதினெட்டு வயதுக்குமேல் அறுபதுக்குள் இருந்து, முந்தைய ஓராண்டில் 90 நாள் வேலை பார்த்திருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி இல்லை. இவ்வளவு எளிய யோசனை இந்தியச் சட்டங்களில் அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

பணமும் சேர்ந்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கணக்குப் பார்த்தபோது, நாடு முழுதும் வசூலானது 37,400 கோடிக்குமேல். செலவானது சுமார் 9,500 கோடி. அந்தச் செலவிலும் மடிக்கணினி, சலவை இயந்திரம் வாங்கிய கதைகள் நீதிமன்றத்தின் முன் வந்தன. 1991இல் பணமே கிடையாது. கொடுக்க மனமிருந்தாலும் வழி இல்லை. 2018இல் வழியும் இருந்தது, பணமும் இருந்தது, பெயர்தான் பதிவேட்டில் இல்லை. கட்டியவர்கள் யார் என்பது விபத்து நடந்தால்தான் வெளியே தெரிகிறது: 2014 ஜூன் 28 அன்று சென்னையை ஒட்டிய மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் பலர்.

1996 சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. தான் குடியிருக்கத் தனக்கே கட்டும் வீடு, செலவு 10 லட்சத்துக்கு மிகாவிட்டால் நிதி கட்ட வேண்டாம். அப்பாவின் வீடு மொத்தமே 1,70,000 ரூபாயில் முடிந்தது; அன்றைய 10 லட்சம் பங்களாவின் விலை. என் மாடி 22 லட்சம். வரைபட அனுமதியோடு 22,000 ரூபாய் கட்டினேன். சிமெண்டும் கம்பியும் ஏறிக்கொண்டிருந்த மாதத்தில் அது எனக்கும் கனத்தது. ரசீதில் ‘தொழிலாளர் நலநிதி’ என்ற வரியை அன்றுதான் முதல்முறை படித்தேன்.

பிறகு 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில். 1996இன் சட்டங்களில் நிதி வசூலுக்கான சட்டம் அதற்குள் கரைந்துவிட்டது. 10 லட்ச வரம்பு 50 லட்சமாகியிருக்கிறது. வீடு கட்டுகிறவரே செலவை மதிப்பிட்டு நிதியைச் செலுத்தலாம். விலைவாசி ஏறினால் வரம்பும் ஏற வேண்டும் என்பது நியாயமான பேச்சு. ஆனாலும், பெரிய நிறுவனத்தின் வேலைத்தளத்தில் தலைக்கவசமும் பாதுகாப்பு அதிகாரியுமாவது இருக்கும். சொந்த வீடு கட்டுபவனின் சாரத்தில் மேஸ்திரியின் அதட்டல் ஒன்றுதான் பாதுகாப்பு. அந்த வாசல்கள்தான் கணக்கிலிருந்து விலகுகின்றன. என் மாடியை இன்று எடுத்தால், மத்தியச் சட்டப்படி அது நிதி கட்ட வேண்டிய கட்டடமே இல்லை.

தளம் போட்ட அன்று டீ கொடுக்கும்போது, ரசீது நினைவுக்கு வந்து, வாரிய அட்டை யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். மேஸ்திரி இந்தியில் அவர்களுக்குச் சொன்னார். ஏழு பேரும் ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினார்கள். நலவாரிய அட்டை ஒன்பது பேரில் ஒருவரிடம் இருந்தது. அவர் மேஸ்திரி.