கல்வீட்டுக்கும் வேய்ச்சல் உண்டு



கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்கிறார் ஆண்டவர் இயேசு (லூக்கா 14:28-30). கட்டிய வீட்டைப் பேணுவதற்கும் இப்போதனை பொருந்துமன்றோ?

தீவகத்தில் ஓலை வீடுகளில் வாழ்ந்த நம் முன்னோர், கூரை வேயவும் வேலி அடைக்கவும் ஓலையையும் கூலியையும் முன்கூட்டியே ஒதுக்கினர். போருக்குப் பின், 2012இல் விரிவடைந்த இந்திய வீட்டுத்திட்டம் வடக்கு, கிழக்கில் குடும்பமொன்றுக்கு 550,000 ரூபா வழங்கியது. அது வீட்டைக் கட்டுவதற்கான தொகை, பேணுவதற்கானதன்று.

கல்வீட்டுக்குச் செலவில்லை என்று எண்ணி ஏமாறுகிறோம். ஊர்காவற்றுறையின் உப்புக்காற்று யன்னல் கம்பிகளை அரிக்கிறது. வெடிப்பினூடே உப்பீரம் புகுந்தால், கொங்கிறீற்றினுள் கம்பி துருவேறிப் பருத்துச் சீமெந்தைப் பிளக்கிறது. நெடுந்தீவுக்கோ ஒரு பை சீமெந்தும் கடல் கடந்தே வர வேண்டும்.

ஆகவே, கணவனும் மனைவியும் ஒரு கொப்பியுடன் அமருங்கள். மின்சாரம், குடிநீர் ஆகிய மாதச் செலவுகளை முதலில் எழுதுங்கள். பின்பு வர்ணப்பூச்சு, கூரைத் திருத்தம், மலக்குழி துப்புரவு போன்றவற்றை மதிப்பிட்டு மாதங்களால் வகுத்துவிடுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை 120,000 ரூபா வேண்டுமெனில், மாதம் 2,000 ரூபா. 2022இன் விலையேற்றத்தை மறவாமல், ஆண்டுதோறும் கணக்கைத் திருத்துங்கள்.

ஒதுக்காத வீட்டில், முதல் ஒழுக்கு விழும்போது தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. அல்லது வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைக்குத் தொலைபேசி அழைப்புப் போகிறது. வீடு இறைவனின் கொடை. அதைப் பேணுவதும் செபமே.