வாட்ச்மேனை ஏமாற்றும் கணையப் புற்று!

“வெறும் கேஸ் டிரபிள்தாங்க!” என்று ஓம வாட்டர் குடித்தே மாதக்கணக்கில் நாளைத் தள்ளுகிறவர்கள் நம் வீடுகளில் அதிகம். பெரும்பாலும் அது கேஸ்தான். ஆனால் அபூர்வமாக, இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கணையம் கொடுக்கிற எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

சுமார் 15 செ.மீ. நீளமே உள்ள இந்த உறுப்புதான் இன்சுலினையும் ஜீரண நீரையும் சுரக்கிறது. இங்கே புற்றுநோய் வந்தால் குணப்படுத்துவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

நம் ரத்தத்தில் உள்ள ‘டி செல்’ என்கிற வெள்ளையணுக்கள், ராப்பகலாக ரோந்து சுற்றும் வாட்ச்மேன் மாதிரி. தடம் மாறிய செல்லைக் கண்டால் தீர்த்துக் கட்டிவிடும். கணையப் புற்று அவற்றையே ஏமாற்றிவிடுகிறது. எப்படி?

முதலில், வளர்ச்சி. இந்த நோயாளிகளில் 100க்குச் சுமார் 90 பேருக்கு ‘கேராஸ்’ என்ற ஜீன் பழுதாகியிருக்கும். தேவைப்படும்போது மட்டும் ‘வளர்’ என்று சொல்ல வேண்டிய ஜீன், ஆஃப் ஆகாத சுவிட்ச் போல சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடுத்து, கட்டி தன்னைச் சுற்றி நார்த்திசுவால் காம்பவுண்ட் சுவர் எழுப்பிக்கொள்கிறது. ரத்த ஓட்டம் குறைந்து, டி செல்லும் சரி, மருந்தும் சரி, உள்ளே நுழையத் திணறுகின்றன.

மூன்றாவதுதான் பெரிய தந்திரம். வேறு வகை வெள்ளையணுக்களைத் தன் பக்கம் இழுத்து, அவற்றை வைத்தே டி செல்களை அடக்கிவிடுகிறது! மெலனோமா என்ற தோல் புற்றில் நன்றாக வேலை செய்யும் எதிர்ப்புசக்தி மருந்துகள், இங்கே பெரும்பாலோருக்குப் பலன் தராததற்கு இதெல்லாம்தான் காரணம்.

நம்பிக்கையே இல்லையா? இருக்கிறது. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில், ஆபரேஷன் முடிந்த 16 பேருக்கு, அவரவர் கட்டியை ஆராய்ந்து தனித்தனியாகத் தயாரித்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை மற்ற மருந்துகளுடன் போட்டார்கள். 2023ல் வெளியான முடிவின்படி, 8 பேருக்கு டி செல்கள் விழித்துக்கொண்டன. ஆனால் இது சிறிய ஆராய்ச்சிதான். கடையில் கிடைக்கிற ஊசி அல்ல.

நம் கையில் இருப்பது, சீக்கிரம் கவனிப்பது. காரணமில்லாமல் எடை குறைகிறதா? மேல்வயிற்று வலி முதுகுக்குப் பரவுகிறதா? 50 வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை வந்து, உடம்பும் இளைக்கிறதா? வலியே இல்லாமல் கண் மஞ்சளாகிறதா? டாக்டரிடம் போய்விடுங்கள். எல்லாம் புற்றுநோயாக இருக்காது. ஆனாலும், “காமாலைதானே” என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து வாரங்களைக் கடத்தாதீர்கள். கட்டி பரவுவதற்கு முன்பு பிடித்தால்தான் ஆபரேஷனுக்கே வழி உண்டு.

இன்னொன்று: சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்களேன்!