பந்தல் பெரிசு, பெட்டி காலி

புதுத் துணிக்கடை திறப்பு விழா. வாசலில் வாழைமரம். தெருமுனை எல்லாம் பேனர். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக விளம்பரம். முதல் நாள் கூட்டம் அலைமோதுகிறது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஷட்டர் மூடிக் கிடக்கிறது. இப்படி மூடிய கடைகளைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

இத்தனை விளம்பரம் செய்தும் ஏன் மூடினார்கள்?

ஸ்ரீ சிட்டிப் பக்கம் இப்படி ஒரு கடை வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீ சிட்டி ஒரு தொழில் நகரம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில் இருக்கிறது. 2008இல் தொடங்கியது. அப்போது சத்தியவேடும் வரதையபாளையமும் சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். மெட்ரோ ரயில் பெட்டி, சாக்லேட், ஏ.சி. எல்லாம் இங்கே தயாராகின்றன.

இந்தத் தொழில் நகரத்துக்காக நிலம் கொடுத்த குடும்பங்கள் உண்டு. நிலம் போய்விட்டது. கையில் பணம் இருக்கிறது. "இத்தனை ஆயிரம் பேர் வேலைக்கு வருகிறார்கள். எல்லோரும் துணி உடுத்தத்தானே வேண்டும்?" என்று மகன் கேட்கிறான். அப்பாவும் சரி என்கிறார். 8 லட்ச ரூபாய் போடுகிறார்கள். அட்வான்சுக்கும் அலமாரிக்கும் 2 லட்சம். விளம்பரத்துக்கு 3 லட்சம். சரக்குக்கு 3 லட்சம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சட்டையின் கொள்முதல் விலை 300 ரூபாய். விற்பது 450 ரூபாய்க்கு. ஒரு சட்டைக்கு 150 ரூபாய் மிச்சம். 3 லட்ச ரூபாய்க்கு 1,000 சட்டை வாங்கலாம். அத்தனையும் ஒன்று விடாமல் விற்றாலும் ஒன்றரை லட்சம்தான் மிஞ்சும். விளம்பரச் செலவில் பாதிக்குத்தான் அது வரும்.

கடை வாடகை, இரண்டு பேர் சம்பளம், கரண்ட் பில் என்று மாதம் 38,000 ரூபாய் ஆகிறது. இதை எடுக்கவே மாதம் 254 சட்டை விற்க வேண்டும். விளம்பரத்துக்குப் போட்ட பணம் அப்படியே நிற்கிறது. வீட்டுச் செலவுக்கும் ஒன்றும் இல்லை.

விற்பனை மந்தமானால் பலரும் தள்ளுபடிப் பலகை மாட்டுவார்கள். 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் சட்டை 360 ரூபாய். விலை ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. ஆனால் மிச்சம் 150 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆகிவிட்டது! இப்போது அதே 38,000 ரூபாயை எடுக்க மாதம் 634 சட்டை விற்க வேண்டும். கூட்டம் இரண்டு மடங்கு வந்தாலும் நஷ்டம்தான். முதலாளிக்கு இது உடனே தெரியாது. கல்லாவில் காசு புரளும். அது சரக்குக்குத் தர வேண்டிய காசு.

துணி வியாபாரத்தில் வேறொரு கஷ்டமும் உண்டு. அரிசிக் கடையில் எல்லா மூட்டையும் போகும். சட்டை அப்படி இல்லை. 38, 40, 42 அளவுகள் முதலில் தீர்ந்துவிடும். 36ம் 46ம் அலமாரியில் நிற்கும். நிறம் பிடிக்காதது நிற்கும். போன வருஷத்து மாடல் நிற்கும். கேட்ட அளவு இல்லாமல் ஒருவர் இரண்டு முறை திரும்பினால் மூன்றாம் முறை வரமாட்டார். பண்டிகைக்குப் புதுச் சரக்கு வாங்கக் கையில் பணம் வேண்டும். அந்தப் பணம்தான் பேனராக வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது.

வாங்க வருபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆலை வேலைக்குப் பெரும்பாலும் சீருடை. கம்பெனி பஸ்ஸில் வந்து, வேலை முடிந்து, அதே பஸ்ஸில் போகிறார்கள். கடைத்தெருவில் இறங்க நேரமில்லை. வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் சங்கராந்திக்குச் சொந்த ஊர் போய்த் துணி எடுப்பார்கள். கல்யாண ஜவுளி என்றால் தடாவில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்விடலாம். மற்றதற்குச் செல்போனில் ஆர்டர் போடுகிறார்கள். ஆயிரம் பேர் கண்ணில் பேனர் படலாம். அதில் துணி தேவைப்படுபவர் எத்தனை பேர்?

இது சின்னக் கடைக்கு மட்டும் வரும் வினை அல்ல. கௌட்டன்ஸ் என்ற பெரிய ஆயத்த ஆடை நிறுவனம் வட இந்தியாவில் இருந்தது. 2007இல் பங்குகளை விற்றுப் பணம் திரட்டியது. நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகள். எந்நேரமும் தள்ளுபடிப் பலகை. பலகை இல்லாத நாளில் அந்த விலையை மக்கள் நம்பவில்லை. விற்காத துணி குவிந்தது. கடன் ஏறியது. அடுத்த சில ஆண்டுகளில் கடைகள் மூடப்பட்டன. பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடையை நடத்த முடியவில்லை.

கிராமத்தில் தவணைக்குத் துணி விற்பவரை எண்ணிப் பாருங்கள். வண்டியில் மூட்டை கட்டி வருவார். பேனர் கிடையாது. எந்த வீட்டில் சீமந்தம், எந்த வீட்டில் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்கிறது என்று அவருக்குத் தெரியும். போன முறை கொடுத்த புடவை சாயம் போனதா என்று விசாரிப்பார். சாயம் போயிருந்தால் மாற்றித் தருவார். அவருக்கும் நஷ்டம் உண்டு. தவணை கட்டாமல் ஊர் மாறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் விலையில் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார். ஆனால் விற்காத புடவை அவர் மூட்டையில் பத்துக்கு மேல் இராது.

நிலம் கொடுத்த அந்த அப்பாவும் மகனும் 8 லட்சத்தை ஒரே நாளில் போட்டிருக்க வேண்டியதில்லை. முதலில் 50,000 ரூபாய்ச் சரக்குடன் வாரச் சந்தையில் ஒரு கடை போடலாம். எது விற்றது, எது நின்றது, எந்த அளவைக் கேட்டார்கள், யார் இரண்டாம் முறை வந்தார்கள் என்று தினமும் நோட்டில் எழுதலாம். பொங்கல், தீபாவளி இரண்டையும் பார்த்த பிறகு அந்த நோட்டைப் புரட்டினால், சத்தியவேட்டில் வாடகைக்குக் கடை எடுக்கலாமா என்று சொல்லிவிடலாம்.