கறுப்பு மணல் தீவில் ஒரு காலி ஊர்!

“அம்மா, செருப்பைக் கழட்டாதே!” என்று என் பெண் கத்துவதற்குள், பெரிஸ்ஸா கடற்கரையில் வெறுங்காலோடு நாலடி வைத்துவிட்டேன். அப்பப்பா! மணலா அது, வாணலியில் வறுத்தெடுத்த மாதிரி! எரிமலை மண் ஆனதால் கன்னங்கரேல் என்றிருக்கிறது. வெயிலை அப்படியே பிடித்து வைத்துக்கொள்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் காலை வேளையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ போவது உத்தமம்.

2023 செப்டம்பரில் நாங்கள் போன இந்தக் கிரேக்கத் தீவின் பெயர் சாண்டோரினி. ஏதென்ஸ் பக்கத்திலுள்ள பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் சுமார் எட்டு மணி நேரம். எரிமலை வெடித்து நடுப்பகுதி சரிந்ததில், அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்துவிட்டது. மிச்சமிருக்கும் செங்குத்துப் பாறையின் உச்சியில் வெள்ளை வெளேரென்று வீடுகள். படங்களில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் என் மனசில் நின்றது அக்ரோத்திரிதான். சுமார் 3,600 வருஷங்களுக்கு முன் எரிமலைச் சாம்பலில் மூழ்கிப்போன ஊர். 1967-ல் மரினாட்டோஸ் என்ற அறிஞர் தோண்ட ஆரம்பித்தார். இப்போது மேலே பெரிய கூரை போட்டிருக்கிறார்கள். இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள்! மாடியில் கழிப்பறை, அதிலிருந்து தெருச் சாக்கடைக்கு மண்குழாய். வரிசையாக, நம் குதிர்களைப் போலப் பெரிய பெரிய ஜாடிகள். கட்டில்கள் மக்கிப்போனாலும் சாம்பலில் அவற்றின் அச்சு அப்படியே இருந்ததாம்.

சுவரில் குங்குமப்பூ பறிக்கும் பெண்களை வரைந்திருக்கிறார்கள். காதில் பெரிய வளையங்கள். ஒருத்திக்குக் காலில் அடிபட்டுவிட்டது. உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மணலில் சுட்டுக்கொண்ட எனக்கு அவளைப் பார்த்ததும் ஒரு சொந்தம்!

எல்லாம் இருக்கிறது, ஒரு எலும்புக்கூடுகூட இல்லை. முதலில் வந்த நிலநடுக்கத்தை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு ஜனங்கள் புறப்பட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நகைகளும் அநேகமாக அவர்களோடு போய்விட்டன. 1999-ல் ஒரு பெட்டிக்குள் சின்னத் தங்க ஆடு மட்டும் கிடைத்தது. எந்த மகராசி அவசரத்தில் மறந்தாளோ!

அன்று இரவு, நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா மஞ்சள் பருப்பு மசியல் கொடுத்தார். ‘ஃபாவா’ என்கிறார்கள். மேலே ஆலிவ் எண்ணெய், எலுமிச்சம்பழச் சாறு, பச்சை வெங்காயம். தாளிப்பு இல்லாத குறைதான். இதே பருப்பு அக்ரோத்திரி ஜாடிகளிலும் கிடைத்திருக்கிறது! 1956 ஜூலை நிலநடுக்கத்தில், கைக்குழந்தையான தன்னை அம்மா போர்வையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்த கதையையும் அவர் சொன்னார்.

2025 பிப்ரவரியில் அங்கே ஆயிரக்கணக்கில் நில அதிர்வுகள். 11,000 பேருக்கு மேல் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினார்கள் என்று செய்தி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் பெண்ணை விட்டு அந்த அம்மாவை விசாரிக்கச் சொன்னேன். ஏதென்ஸில் மகன் வீட்டில் பத்திரமாக இருந்தார்.

“என்ன எடுத்துக்கிட்டுக் கிளம்பினாங்களாம்?”

“பிரஷர் மாத்திரை, மூக்குக் கண்ணாடி, அவங்க அம்மா போட்டோ. அடுப்புல பருப்பு வெந்துக்கிட்டு இருந்துச்சாம். அதை இறக்கி மூடி வெச்சுட்டுத்தான் கிளம்பினாங்களாம்.”