இளம் வெற்றிலைக் கொடியைக் காப்பது எப்படி?

வெற்றிலைக் கொடிக்கால் வைக்க முதலும் உழைப்பும் நிறைய வேண்டும். இத்தனை பாடுபட்ட தோட்டத்தில் வாடல் நோய் புகுந்தால் சில வாரங்களிலேயே கொடிகள் காய்ந்துவிடும். நோய் கண்ட கொடியைப் பிழைக்க வைப்பது கடினம். ஆகவே தடுப்பு வேலையைக் கொடி நடும்போதே தொடங்க வேண்டும்.

வெற்றிலைக்கு எப்போதும் ஈரம் தேவை. ஆனால் வேரடியில் நீர் நிற்கக் கூடாது. வாடல் நோயை உண்டாக்கும் பூசண வித்துக்கள் தேங்கிய நீரில் நீந்திக் கொடிக்குக் கொடி பரவும். எனவே 2 மீட்டர் அகலப் பாத்திகள் அமைத்து, இடையில் அரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள வடிகால் வெட்ட வேண்டும்.

நிழலுக்கும் கொடி ஏறுவதற்கும் அகத்தியை முன்கூட்டியே வரிசையாக விதைக்க வேண்டும். பாத்தி ஓரங்களில் வாழை வைத்தால் கொடி கட்ட நார் கிடைக்கும்.

ஜனவரி-பிப்ரவரி அல்லது ஜூன்-ஜூலை மாதங்களில் நடலாம். ஒரு வருடத்திற்கு மேற்பட்ட, நோயற்ற கொடிகளிலிருந்து 3 முதல் 5 கணுக்கள் உள்ள துண்டுகளை எடுக்கவும். நோய் வந்த தோட்டத்து விதைக்கொடி மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். வரிசையில் 45 செ.மீ. இடைவெளி விட்டு, அகத்தியின் அடியில் நட்டு உடனே நீர் பாய்ச்ச வேண்டும். பிறகு வாரம் ஒரு முறை பாய்ச்சினால் போதும். மழை பெய்தால் பாய்ச்சலை நிறுத்தி, வடிகாலைத் திறந்து விடவும்.

கணுக்களில் தோன்றும் வேர்கள் மரத்தைப் பற்றிக்கொள்ள உதவும். இளம் கொடியில் இவை பிடிப்பதற்கு முன் காற்றடித்தால் கொடி சரிந்துவிடும். ஆகையால் 15 முதல் 20 நாட்களுக்கு ஒரு முறை, 15-20 செ.மீ. இடைவெளியில் வாழை நாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் அகத்தியின் பக்கக் கிளைகளைக் கழித்து வெளிச்சமும் காற்றும் விடவும். கழித்த தழை மாட்டுக்குத் தீவனமாகும்.

அக்டோபர் முதல் ஜனவரி வரை அதிகக் கவனம் தேவை. மாதம் ஒரு முறை கால் சத போர்டோ கலவையை வேரடியில் ஊற்றலாம். 250 கிராம் மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 250 கிராம் சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்கவும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. பளபளப்பான இரும்புக் கத்தியைச் சற்று நேரம் நனைத்துப் பார்க்கவும். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலவையை அன்றே பயன்படுத்திவிடவும்.

இலை பளபளப்பு இழந்து, மஞ்சளாகித் தொங்கினால் அடித்தண்டைப் பாருங்கள். அழுகியிருந்தால் வேரோடு எடுத்துத் தோட்டத்திற்கு வெளியே எரித்துவிட வேண்டும். வடிகாலில் போட்டால் மற்றக் கொடிகளுக்கும் நோயை அனுப்பியதாகிவிடும்.