தூரப் பயணமா? எஞ்சின் ஆயிலைப் பார்த்துக் கிளம்புங்கள்



அதிகாலையில் இரும்புலியூரில் பைபாஸ் பிரியும் இடத்தில் நின்றால், நம் வட்டாரக் கடைக்காரர்களின் சரக்கு வேன்கள் கோயம்பேட்டிற்குப் போவதையும், ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போவதையும் காணலாம். கோயம்பேடு போய் வருவது சிறு ஓட்டம். மஞ்சளுக்கு ஈரோடு, பருப்பு வத்தலுக்கு விருதுநகர் என்றால் 400, 500 கிலோமீட்டர் ஓட்டம். இரண்டுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே வண்டிதான். டீசல் போடுகிறோம், டயருக்குக் காற்றுப் பிடிக்கிறோம். ஆயிலை மட்டும் மறந்துவிடுகிறோம். நடுவழியில் எஞ்சின் ஜாம் ஆனால் பல மாத லாபம் மெக்கானிக் ஷெட்டிலேயே போய்விடும். வண்டிக் கடன் தவணை அதற்காகக் காத்திருக்காது.

எண்களின் பொருள்

எண்ணெய் விற்கும் நமக்கு இது புரியாத விஷயமல்ல. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது. விளக்கெண்ணெய் எப்போதும் கனமாகவே ஒழுகுகிறது. சூடேறினால் எந்த எண்ணெயும் இளகும். எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். 'காஸ்ட்ரால்' என்ற பெயரே, 1909இல் அந்த ஆயிலில் விளக்கெண்ணெய் சேர்த்ததால் வந்தது.

கேனில் '15 டபிள்யூ 40' என்று இருந்தால், முதல் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையைக் குறிக்கும். 'டபிள்யூ' என்பது குளிர்காலம். இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் அதன் கனத்தைக் குறிக்கும். நம் ஊர்க் குளிருக்கு முதல் எண்ணால் பெரிய சிக்கல் வராது. தூர ஓட்டத்திற்கு இரண்டாவது எண்ணே முக்கியம்.

"கோடைக்குக் கெட்டி ஆயில் நல்லது" என்று சிலர் சொல்வதை நம்பி மாற்ற வேண்டாம். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் காலையில் மேலே ஏறத் தாமதமாகும்; உராய்வால் தானே சூட்டையும் கூட்டும். வண்டிக் கைப்புத்தகம் சொல்லும் எண்ணையே வாங்க வேண்டும்.

அடுத்து ஏ.பி.ஐ. எழுத்துகள். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. 1-4-2020 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி இருந்தால், சாம்பல் குறைந்த சி.கே.4 போன்ற ஆயில் தேவைப்படும். மலிவு என்று பழைய ரகத்தை ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

சூடு கூடினால்

ஓடும் எஞ்சினில் ஆயில் சுமார் 90 முதல் 110 டிகிரி வரை இருப்பது இயல்பு. 130ஐத் தாண்டி நீடித்தால் ஆபத்து. பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினால் கறுத்துக் கெட்டுப்போகிறதல்லவா? அதே கதைதான். பொதுக் கணக்காக, ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிறது.

நம் வேன்களில் பெரும்பாலும் ஆயில் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. தண்ணீர் சூட்டைத்தான் காட்டும். தண்ணீரைவிட ஆயில் மெதுவாகவே சூடேறும். ஆகவே கிளம்பிய முதல் சில கிலோமீட்டர் எஞ்சினை முறுக்காமல் ஓட்ட வேண்டும். சின்னஞ்சிறு ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியிலோ ஆயில் நன்கு சூடேறாமல் ஈரமும் டீசலும் அதில் தங்கிவிடும். அத்தகைய வண்டிக்குக் கிலோமீட்டர் ஆகாவிட்டாலும், கைப்புத்தகம் சொல்லும் மாதக் கணக்குப்படி ஆயில் மாற்றிவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவுக் குச்சியைப் பாருங்கள். இரு கோடுகளுக்கு இடையே ஆயில் இருக்க வேண்டும். குறைந்தால், இருக்கிற கொஞ்ச ஆயிலே ஓயாமல் சுற்றிச் சூடேறும். கூடினால் நுரைத்துச் சூடேறும்.

2. ரேடியேட்டரில் படிந்த புழுதியை நீக்கி, தண்ணீர் அளவையும் ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள்.

3. அனுமதித்த எடைக்கு மேல் ஒரு மூட்டைகூட ஏற்றாதீர்கள். மேட்டில் எஞ்சின் திணறும் முன் கியரைக் குறையுங்கள்.

4. தண்ணீர் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம்.

5. டர்போ எஞ்சினை நிறுத்தியதும் அணைக்காமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள்.

6. சிவப்பு ஆயில் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் உடனே எஞ்சினை அணையுங்கள். "அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்ற எண்ணமே பல எஞ்சின்களுக்கு எமன்.

போலிச் சரக்கின் தொல்லை நமக்குத் தெரியாததல்ல. ஆயிலை சீல் உடையாத கேனாக, பில்லோடு வாங்குவோம். காலிக் கேனைத் துளையிட்டே போடுவோம். கழித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் ஷெட்டிலேயே ஒப்படைப்போம்.

கடையில் தராசை நாள்தோறும் சரிபார்க்கிறோம். வண்டியின் அளவுக் குச்சிக்கும் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குவோம். சரக்கும் வண்டியும், ஓட்டும் தம்பியும் பத்திரமாக வீடு வந்து சேரட்டும்.